டெஸ்டர் எரியுது, லைட்டு எரியல

"ஏனுங்ணா, டெஸ்டர் வெச்சா எரியுதுங்க. லைட்டு மட்டும் எரிய மாட்டீங்குதுங்க."

வாரியக் குடியிருப்பில் மராமத்து எலக்ட்ரீஷியனாக இருப்பவர் காதில் இது விழாத வாரம் இருக்காது. சொன்னவர் பாதி வேலையை முடித்தே கொடுத்துவிட்டார். பேஸ் (கரண்ட் வருகிற வயர்) வந்திருக்கிறது, அது திரும்பிப் போகிற வழியான நியூட்ரல்தான் அறுந்திருக்கிறது. ஆனால் வருகிற ஆள் முதலில் சுவிட்சைக் கழற்றுவார், அப்புறம் எம்.சி.பி.யை (லோடு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) மாற்றுவார், கடைசியில் "லைன்லயே கோளாறுங்க" என்று கையை விரிப்பார். நியான் டெஸ்டர் பேஸை மட்டும்தான் காட்டும். ஒரு ஓட்டையில் மட்டும் வைத்துப் பார்த்தால் நியூட்ரல் செத்தது அதில் தெரியாது. இந்த வீடுகளில் வருகிற தொல்லையில் பெரும்பங்கு நியூட்ரலிலும், கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த்திலும்தான் இருக்கிறது.

வீட்டின் அமைப்பை முதலில் பார்த்துவிடலாம். 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கியது 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது; பேச்சில் இன்னமும் 'ஸ்லம் போர்டு வீடு'தான். கோவையில் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர், உக்கடம் என்று எந்தப் பக்கம் போனாலும் மின்சாரத்தின் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றே. கீழே மீட்டர் பலகை. அங்கே மூணு பேஸும் ஒரு நியூட்ரலும் வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஒரு பேஸும் நியூட்ரலும் மாடிக்கு ஏறும். வீட்டுக்குள் லைட்டுக்கு ஒரு 6 ஆம்பியர், பவருக்கு ஒரு 16 ஆம்பியர் எம்.சி.பி. மீட்டர் வரைக்கும் ஈ.பி. பொறுப்பு. சீல் போட்டது எதையும் நம் கை தொடக்கூடாது. தொட்டால் மின்சாரச் சட்டம் 2003-இல் வழக்கே இருக்கிறது. மீட்டரைத் தாண்டி உள்ளே போவது வீட்டுக்காரர் பக்கம். படிக்கட்டு லைட்டும் தண்ணி மோட்டாரும் பொதுக் கணக்கு. 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தில் சங்கம் பதிவான இடங்களில் பொது வேலைக்குச் சங்கத்தையே கேட்டுக்கொள்ளலாம். சங்கம் இல்லாத இடத்தில் பல்பு ஒன்றை யார் வாங்குவது என்பதிலேயே ஒரு பொழுது போய்விடும்.

இனி அந்த எரியாத லைட்டுக்கு வருவோம். வீட்டில் ஃபேன் சுவிட்சோ லைட் சுவிட்சோ ஒன்று ஆனில் இருக்கும்போது சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் எரிந்தால் நியூட்ரல் அறுந்திருக்கிறது. பேஸ் அந்த ஃபேன் வழியாகவே சுற்றி வந்து செத்த நியூட்ரல் வயரில் நிற்கிறது. எல்லா சுவிட்சையும் ஆஃப் செய்துவிட்டால் ஒரு ஓட்டையில் மட்டும் எரியும். 'நியூட்ரல் வயர்தானே' என்று வெறுங்கையால் பிடித்து ஷாக் வாங்குவது இங்கேதான். மல்டிமீட்டரும் இந்த இடத்தில் ஏமாற்றும். அறுந்த வயரிலும் 60, 90 வோல்ட் என்று எதையாவது காட்டும். ஹோல்டரில் 60 வாட் குண்டு பல்பு போட்டு இரண்டு வயர் நீட்டிய டெஸ்ட் லேம்ப் பொய் சொல்லாது. பேஸ்-நியூட்ரலில் வைத்து எரியவில்லை, பேஸ்-எர்த்தில் வைத்து எரிகிறது என்றால் சந்தேகம் தீர்ந்தது. ஆர்.சி.சி.பி. (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் வெட்டிவிடும் சுவிட்ச்) உள்ள வீட்டில் பேஸ்-எர்த்தில் வைத்த நொடியே அது விழுந்துவிடும். 60 வாட் பல்பு இழுப்பது 260 மில்லி ஆம்பியர், அதன் அளவோ 30. விழுந்தால் ஆர்.சி.சி.பி.க்கு உயிர் இருக்கிறது என்பதும் தெரிந்துகொண்ட மாதிரிதான்.

எங்கே அறுந்திருக்கும்? பெரும்பாலும் எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி. பெட்டிக்குள், நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேரும் நியூட்ரல் லிங்க்கில், இல்லாவிட்டால் மீட்டரிலிருந்து மேலே ஏறும் வயரின் இணைப்பில். மெயினை ஆஃப் செய்து, டெஸ்ட் லேம்ப் வைத்து உறுதி செய்துகொண்டு லிங்க்கைப் பாருங்கள். பித்தளைப் பட்டை பொன்னிறமாக இல்லாமல் கருநீலமாக மாறியிருக்கும். பக்கத்தில் கருப்பு வயரின் தோல் அப்பளம் மாதிரி நொறுங்கும். திருகு கைக்கு இறுகின மாதிரிதான் தெரியும், வயரைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். ஒரே திருகின் கீழே தடித்த வயர் ஒன்றும் மெல்லிய வயர் ஒன்றும் சேர்ந்திருந்தால் தடித்ததுதான் பிடிக்கும், மெல்லியது ஆடிக்கொண்டே இருக்கும். பல இழை வயரை வெறுமனே முறுக்கி நுழைத்திருந்தால் திருகு இறுக இறுக இழைகள் பக்கவாட்டில் பிதுங்கிவிடும்.

கணக்கு சின்னதுதான். லூசான இடத்தில் தடை அரை ஓம் என்று வையுங்கள். தண்ணி காயவைக்கும் ராடும் மிக்ஸியுமாக 8 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு திருகில் 32 வாட் சூடு. சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். தோல் கருகாமல் என்ன செய்யும்?

கருகின வயரை அப்படியே திரும்ப இறுக்கிவிட்டுப் போகாதீர்கள். செம்பு கறுத்த இடம் திரும்பவும் சூடேறும். பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டுங்கள், இரண்டு அங்குலம் கூடப் போகலாம். வயர் எட்டவில்லை என்றால் அதே அளவு வயரை ஃபெரூல் (இணைப்புக் குழல்) வைத்து கிரிம்ப் செய்து நீட்டுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது பெட்டிக்குள் இன்னொரு லூஸ் கனெக்ஷனை வளர்ப்பதுதான். நுனியை 12 மில்லிமீட்டர் உரித்து பின் லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) போட்டு, ஒரு திருகுக்கு ஒரு வயர் என்று வையுங்கள். லிங்க்கில் ஓட்டை போதாதென்றால் பெரிய லிங்க்காக மாற்றுங்கள். கீழே அலுமினிய கேபிளோடு செம்பு வயர் சேரும் இடத்தில் பைமெட்டல் லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் செம்பு) கட்டாயம் வேண்டும். நேரடியாகச் சேர்த்தால் மழைக்கால ஈரத்தில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி தட்டிவிடும்.

ஒரு வீட்டு நியூட்ரல் அறுந்தால் அந்த வீடு இருட்டாகும், அவ்வளவுதான். மீட்டர் பலகையில் பொது நியூட்ரல் லூசானால் கதையே வேறு. "எங்கூட்டு லைட்டு மங்கலா எரியுதுங்க, எதிர்த்தூட்ல பளீர்னு எரிஞ்சு பொகையுதுங்க" என்று ஒரே நேரத்தில் இரண்டு பேர் வந்தால் மாடிக்கு ஏறாதீர்கள், நேரே மீட்டர் பலகைக்குப் போங்கள். மூணு பேஸுக்கும் இடையே அளந்தால் 415 சரியாகவே இருக்கும். நியூட்ரலோடு அளந்தால் ஒரு பேஸில் 160, மற்ற இரண்டிலும் 290 என்று நிற்கும். லோடு அதிகமான பேஸ் தாழும், லோடு குறைந்த பேஸ் ஏறும். 290 போகும் வீடுகளில் எல்.இ.டி. பல்பு, டி.வி., செட்டாப் பெட்டி என்று வரிசையாகப் போகும். 'ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா பல்பு போவுது' என்கிற வீட்டில் பல்புக் கம்பெனியைத் திட்டும் முன் சாயங்காலம் ஏழு மணிக்கு வோல்டேஜ் அளந்து பாருங்கள்.

இதைச் சரிசெய்வதில் வரிசை முக்கியம். முதலில் எல்லா வீட்டு மெயினையும் ஆஃப் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் பலகையின் மெயின் சுவிட்ச். அதற்குப் பிறகுதான் நியூட்ரல் திருகில் கை வைக்க வேண்டும். லோடு இருக்கும்போது உயிரோடு இறுக்குகிறேன் என்று ஸ்குரூடிரைவரை வைத்து, அது ஒரு நொடி கழன்றாலும் பாதி வீட்டுச் சாமான் போய்விடும். இறுக்கிய பின் மெயினை மட்டும் போட்டு மூணு பேஸிலும் நியூட்ரலோடு அளந்து பாருங்கள். மூணும் 230 அக்கம்பக்கம் நின்றால்தான் வீடுகளை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். லூஸ் ஈ.பி. சீலுக்குள்ளோ, கம்பத்திலிருந்து வரும் கேபிளிலோ இருந்தால் மின்னகத்துக்குப் புகார் சொல்லிவிட்டு, ஆள் வரும் வரை எல்லா வீட்டையும் ஆஃபிலேயே வையுங்கள். அரை மணி நேரம் திட்டு விழும். வாங்கிக்கொள்ளலாம், பதினாறு வீட்டு டி.வி.க்குப் பதில் சொல்வதை விட அது லேசு.

அடுத்து ஆர்.சி.சி.பி. விழுவது. பெரும்பாலான எலக்ட்ரீஷியன்கள் தோற்கும் இடம் இது. தோற்றவர்கள் செய்வது ஒன்றே: அதைத் தாண்டி நேரடியாக வயர் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். குளியலறையில் ஈரக்கையோடு நிற்கிற வீட்டம்மாவுக்கு இருந்த ஒரே காவல் அதோடு போனது.

வழக்கமாக எல்லா எம்.சி.பி.யையும் ஆஃப் செய்து, ஒவ்வொன்றாகப் போட்டு, எதைப் போட்டால் விழுகிறது என்று பார்ப்பார்கள். பேஸில் லீக் இருந்தால் இதில் மாட்டும். ஆனால் எல்லா எம்.சி.பி.யும் ஆஃபில் இருக்கும்போதே ஆர்.சி.சி.பி. விழுந்தால்? 'ஆர்.சி.சி.பி. போயிருச்சு' என்று புதுசு வாங்க ஆள் அனுப்புவார்கள், புதுசும் விழும். காரணம், இந்த வீடுகளில் இருப்பது ஒற்றைப் போல் எம்.சி.பி. அது பேஸை மட்டும் வெட்டும். நியூட்ரல் வயர்கள் எல்லாம் லிங்க்கில் சேர்ந்தேதான் இருக்கும். எங்கேயோ நியூட்ரலும் எர்த்தும் ஒட்டியிருந்தால் எம்.சி.பி.யை என்ன செய்தாலும் அந்த ஒட்டு அப்படியே நிற்கும். கட்டடம் முழுக்க லோடு ஏறும்போது நியூட்ரலில் இரண்டு மூணு வோல்ட் நிற்கும். அந்த அழுத்தத்தில் ஒட்டின இடம் வழியாக எர்த்துக்கு 30 மில்லி ஆம்பியர் போனால் போதும். அதனால்தான் மத்தியானம் நீங்கள் போய் நிற்கும்போது சமர்த்தாக நிற்கும், பொழுதோட பக்கத்து வீடுகளில் அடுப்பு போட்டதும் படக்கென்று விழும்.

கண்டுபிடிக்கிற வழி இது. பிளக் எல்லாவற்றையும் உருவுங்கள். வாஷிங் மெஷின், கீசர் எதுவும் விடாமல். சுவிட்ச் ஆஃபில் இருக்கிறது என்பது போதாது. மெயினை ஆஃப் செய்து லிங்க்கிலிருந்து நியூட்ரல் வயர்களை எல்லாம் கழற்றி, எது எந்த சர்க்யூட் என்று டேப் ஒட்டித் தனித்தனியாக விடுங்கள். இப்போது எம்.சி.பி.கள் ஆஃபில் இருக்க, மெயினையும் ஆர்.சி.சி.பி.யையும் மட்டும் போட்டுப் பாருங்கள். நின்றால் அது நல்லது. அதில் இருக்கும் டி (டெஸ்ட்) பட்டனை அமுக்கினால் விழ வேண்டும். பிறகு மறுபடி மெயினை ஆஃப் செய்து ஒவ்வொரு நியூட்ரல் வயரையும் எர்த்தோடு 500 வோல்ட் மெக்கர் (வயர் தோலின் தடையை அளக்கும் கருவி) வைத்து அளங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வருகிற வயர்தான் திருடன். மெக்கர் போடும்போது எல்.இ.டி. பல்புகளைக் கழற்றிவிடுங்கள், ஃபேன் ரெகுலேட்டரையும் ஒதுக்குங்கள். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவு முழு ஷார்ட்டைக் காட்டும். ஈரத்தால் வரும் லீக்கை அது காட்டாது, ஒன்பது வோல்ட் பேட்டரிக்கு அந்த ஈரம் அசையாது.

திருடன் இருக்கும் இடங்கள் பழக்கப்பட்டவைதான். மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து ஒழுகின தண்ணி கான்கிரீட்டுக்குள் போன பைப் வழியாக ஃபேன் பெட்டியில் தேங்கி நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் பல்லி ஏறின சுவிட்ச் போர்டு. பால்கனியில் நனையும் வாஷிங் மெஷினின் பிளக். கீசரின் ஹீட்டர் எலிமென்ட் குளிர்ந்த நிலையில் நல்லவன் மாதிரி இருக்கும், சூடேறினால் லீக் ஆகும். அதனால் ஐந்து நிமிஷம் ஓடவிட்டு உடனே அளக்க வேண்டும். கடைசியாக, மனுஷன் செய்த வினை: நியூட்ரல் அறுந்த இடத்தில் யாரோ பச்சை எர்த் வயரையே நியூட்ரலாகக் கோத்துவிட்டுப் போயிருப்பார். அட்டாலிக்கு (பரணுக்கு) மேலே இருக்கும் ஜங்ஷன் பெட்டியைத் திறந்து பாருங்கள், பாதி அங்கேதான். ஃபேன் பெட்டியில் தண்ணி என்றால் டேப்பை மாற்றி மூடிவிட்டு வராதீர்கள். மேல்வீட்டு ஒழுகல் நிற்கும் வரை அந்தப் பாயிண்டைத் துண்டித்து, வெளியே கேசிங் கேப்பிங்கில் (சுவர்மேல் அடிக்கும் மூடியுள்ள பட்டி) வயர் கொண்டுபோய்க் கொடுங்கள்.

டி பட்டன் ஆர்.சி.சி.பி.யை மட்டும் சோதிக்கிறது. வீட்டு எர்த் வயர் இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது.

எர்த் என்றால் கொங்குப் பக்கம் ஒரு தனித் தொல்லை. இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப், 40 மில்லிமீட்டர் விட்டம், சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றி அடுக்கு என்பது பாடம். குழி தோண்டுகிற ஆள் நாலடியில் பாறையையோ சுக்கான்கல்லையோ தொட்டதும் கடப்பாரையை வைத்துவிடுவார். பைப்பை வெட்டி நட்டு மேலே சிமெண்ட் மூடி போட்டால் பார்க்க எல்லாம் சரி. கரிசல் பகுதியில் வேறு மாதிரி: கோடையில் மண் வெடித்து பைப்பை விட்டு விலகும். நாலு வருஷம் யாரும் தண்ணி ஊற்றாத குழி சித்திரையில் 30 ஓம் காட்டினால் ஆச்சரியமில்லை. 30 ஓம் எர்த்தில் பேஸ் ஒட்டினால் ஓடுவது 230-ஐ 30-ஆல் வகுத்து ஏழரை ஆம்பியர் சொச்சம். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது சாதாரண லோடு, விழவே விழாது. ஃபிரிட்ஜின் உடம்பில் கரண்ட் நிற்கும். ஆனால் அதே எர்த்தில் 60 வாட் பல்பு வைத்துப் பார்த்தால் ஜோராக எரியும். 30 ஓமில் இழக்கிறது எட்டு வோல்ட்தானே. 'பல்பு எரியுது, எர்த் நல்லாருக்கு' என்று சொல்வதற்கு முன் இந்தக் கணக்கை ஒருக்கா போட்டுப் பாருங்கள். எர்த் டெஸ்டர் வைத்து அளப்பதுதான் அளவு. அது இல்லாத இடத்தில் ஆர்.சி.சி.பி. இல்லாமல் விட்டுவிட்டு வரக்கூடாது.

பாறை தட்டினால் ஒரே ஆழக் குழிக்கு மல்லுக்கட்டாமல் இரண்டு குழி எடுத்து, பைப் நீளம் அளவுக்காவது இடைவெளி விட்டு இணைப்பது பலன் தரும். மீட்டர் பலகையிலிருந்து குழிக்குப் போகும் கம்பியை வெளியே தெரியும்படி விட்டால் ஒரு நாள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். பைப்புக்குள் இறக்கி, மேலே கிளாம்ப் அடித்து விடுங்கள்.

லோடு விஷயத்தில் ஒன்று மட்டும். ராடு 1500 வாட், இண்டக்ஷன் 2000, அயர்ன் பாக்ஸ் 1000. மூணும் சேர்ந்தால் பத்தொன்பதரை ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதில் உடனே விழாது. ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டியது 23 ஆம்பியருக்கு மேல்தான். அதனால் இடையில் எப்போது வேண்டுமானாலும் விழும், விழாமலும் போகும். 'எம்.சி.பி. சரியில்லீங்க, 32 போட்டு உடுங்க' என்பார்கள். சுவருக்குள் இருப்பது 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். அதற்கு 32 போட்டால் சுவருக்குள் வயர்தான் ஃபியூஸ். இண்டக்ஷனுக்குத் தனியாக ஒரு 16 ஆம்பியர் சர்க்யூட் புதிதாக இழுப்பதுதான் வழி. கிரைண்டர் மேல் பழி போடாதீர்கள். டேபிள் டாப் 150 வாட்தான், சத்தம்தான் பெரிது. திருப்பூர்ப் பக்கம் வீட்டிலேயே தையல் மெஷின் ஓட்டுகிறவர்களுக்கும் மோட்டாரை விட அயர்ன் பாக்ஸ்தான் லோடு. அது சொருகியிருக்கும் 6 ஆம்பியர் மல்டி பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், சூடு தெரியும்.

ஃபேன் மெதுவாக ஓடினால் 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சரை அளங்கள். 1.8-க்கு வந்திருக்கும், மாற்றினால் வேலை முடிந்தது. ஆஃப் செய்த பிறகும் எல்.இ.டி. பல்பு மினுக் மினுக்கென்றால் சுவிட்சில் இண்டிகேட்டர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் சுவிட்ச் நியூட்ரலில் மாட்டியிருக்கும். பல்பு மாற்றும்போது ஹோல்டரில் பேஸ் உயிரோடு நிற்கும், அதனால் சுவிட்சை அன்றைக்கே பேஸுக்கு மாற்றிவிட வேண்டும்.

தொட்டி மோட்டார் 5 குதிரைத்திறன் மூணு பேஸ் என்றால் முழு லோடில் ஏழு, ஏழரை ஆம்பியர் இழுக்கும். ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுகிறது என்று யாரோ 10-இல் திருப்பி வைத்திருப்பார்கள். ஒரு பேஸ் போனால் உறுமிக்கொண்டே வைண்டிங் கருகும். மோட்டாரின் தகட்டில் உள்ள ஆம்பியருக்கே ரிலேயைத் திரும்ப வையுங்கள், சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் (ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி) இல்லையென்றால் சங்கத்தில் சொல்லிப் போடச் சொல்லுங்கள். மொட்டைமாடித் தொட்டியில் ஃப்ளோட் சுவிட்சின் வயரை டேப் சுற்றி ஜாயிண்ட் போட்டிருந்தால் மோட்டார் தானாக ஓடும், தானாக நிற்கும். அந்த ஜாயிண்ட் தொட்டிக்கு வெளியே, தண்ணி புகாத பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

எந்த வீட்டிலும் டி.பி. மூடியை மாட்டும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எந்த எம்.சி.பி. எதற்கு, நியூட்ரல் லிங்க்கில் எத்தனையாவது திருகு எந்த சர்க்யூட், இறுக்கின தேதி, எர்த் அளந்திருந்தால் எத்தனை ஓம் என்று மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கள். பென்சில் வேண்டாம், சமையலறை எண்ணெய்ப் பிசுக்கில் ஒரு வருஷம்கூட நிற்காது. அழியாத மார்க்கரில் எழுதுங்கள்.